முதுகுவலியோடு நடப்பது எப்படி?



காலையில் குனிந்து முகம் கழுவ முடியவில்லை. இருமினாலும் தும்மினாலும் இடுப்பிலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வலி இறங்குகிறது. பேருந்தில் அமர்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் நிமிர முடியவில்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டிலுள்ள ஒருவருக்கோ இந்த வேதனை உண்டா? அப்படியானால் சற்று நேரம் ஒதுக்கி இதை வாசியுங்கள்.

இது உங்களுக்கு மாத்திரம் நேர்ந்த காரியமன்று. 2020ஆம் ஆண்டில் உலகமெங்கும் 61 கோடியே 90 லட்சம் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தார்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. நமது பெங்களூரு ஆடுகோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் ஆலையில் ஒரு தலைமுறையினர் இயந்திரங்களின் முன் நின்று உழைத்தார்கள். 2008இல் அந்நிறுவனத்தின் பெயர் பாஷ் என்று மாறியது. 2022இல் அதே வளாகம் கணினிப் பணிக்கான தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது. நின்று உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று அமர்ந்து உழைக்கிறார்கள். முதுகுவலியோ இரு சாராரையும் விடவில்லை. ஓசூர் சாலையில் ஆட்டோ ஓட்டும் சகோதரரும், ஈஜிபுராவிலிருந்து கோரமங்கலா வீடுகளுக்குத் தரை துடைக்கச் செல்லும் சகோதரியும், சித்தாள் வேலைக்குப் போகும் தாயாரும் அதை அறிவார்கள்.

நரம்பில் நடப்பது என்ன?

நமது கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இடையில் மெத்தை போன்ற வட்டு ஒன்று இருக்கிறது. இதையே நாம் "ஜவ்வு" என்கிறோம். அதன் வெளிச்சுற்று உறுதியான நார். உள்ளே கூழ் போன்ற பொருள். வெளிச்சுற்றில் விரிசல் ஏற்பட்டால் உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி, அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்துகிறது. அந்த நரம்பு வீங்கிப் புண்படுகிறது. அங்கிருந்து புறப்படும் வேர்கள் ஒன்றுசேர்ந்துதான் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு உண்டாகிறது. சரீரத்தில் மிகத் தடித்த நரம்பு அதுவே. கோளாறு முதுகில் இருக்க, வலி காலில் தெரிவதன் காரணம் இதுதான். இதற்கே சியாட்டிகா என்று பெயர். ஜவ்வு பிதுங்குவதால் இவ்வலி வருகிறது என்பதை 1934ஆம் ஆண்டு மிக்ஸ்டர், பார் என்னும் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள்.

"ஜவ்வு விலகிவிட்டது" என்று கேட்டவுடன் அநேகர் கலங்கிப்போகிறார்கள். ஓடு சரிந்து விழுவதுபோல அது கழன்று விழுவதில்லை. பிதுங்கிய பகுதியைச் சரீரமே சில மாதங்களில் கரைத்துச் சுருங்கச் செய்வது மிகச் சாதாரணம்.

ஸ்கேன் அறிக்கையைக் கண்டு பயப்படாதேயுங்கள்

1994ஆம் ஆண்டு அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரிடத்திலாவது ஜவ்வு பிதுங்கியிருந்தது! ஆகவே அறிக்கையிலுள்ள "டிஸ்க் பல்ஜ்" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, "இனி என் வாழ்க்கை முடிந்தது" என்று தீர்மானிக்க வேண்டாம். தலைமயிர் நரைப்பதுபோல முதுகெலும்பிலும் வயதின் அடையாளங்கள் வரும். கடன் வாங்கி ஸ்கேன் எடுப்பதற்கு முன், மருத்துவர் உங்கள் கால்களைத் தூக்கிப் பார்த்து, பலத்தையும் உணர்வையும் சோதித்தாரா என்று கவனியுங்கள்.

படுக்கையா? நடையா?

"மூன்று மாதம் பலகையில் படு" என்று முன்னோர் சொன்னார்கள். 1995இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், முதுகுவலி வந்தபோது படுத்திருந்தவர்களைவிட, இயன்ற அளவு அன்றாட வேலைகளைச் செய்துவந்தவர்களே விரைவாகத் தேறினார்கள். 1999இல் நெதர்லாந்தில் சியாட்டிகா உள்ளவர்களை இரண்டு வாரம் படுக்க வைத்தும் பார்த்தார்கள்; படுக்காதவர்களைவிட அவர்கள் எவ்விதத்திலும் மேலாகத் தேறவில்லை. தாங்கமுடியாத முதல் ஓரிரு நாட்கள் படுத்திருப்பதில் தவறில்லை. அதற்கு மேல் படுத்தால் தசைகள் தளர்ந்து, எழுவது இன்னும் கடினமாகிறது. கட்டாந்தரையும் அவசியமில்லை. 2003இல் ஸ்பெயினில் நாள்பட்ட முதுகுவலியுள்ள 313 பேரிடம் ஒப்பிட்டபோது, மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையே நன்மை செய்தது.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் முதுகில் 1944முதல் 1957வரை நான்கு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. வலி தீரவில்லை. 1961இல் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவர் வாரத்தில் பலமுறை உடற்பயிற்சி செய்ய வைத்தபின்பே அவரால் நன்றாக நடமாட முடிந்தது.

அப்படியானால் அறுவைச் சிகிச்சையே கூடாதா? அப்படியல்ல. கடுமையான சியாட்டிகா உள்ள 283 பேரை ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. முன்னதாகவே அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி விரைவாகக் குறைந்தது. காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது, மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு வருட முடிவில் இரு சாராரிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். ஆகவே பொறுக்கமுடியாத கால்வலி வாரக்கணக்கில் நீடித்தால் அறுவையைப்பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பயத்தினால் மாத்திரம் அவசரப்பட வேண்டாம்.

இவற்றைக் கண்டால் தாமதிக்காதேயுங்கள்

சிறுநீர் கழிக்க முடியாமல் அடைபடுவது, மலம் அடக்க முடியாமல் போவது, இரு தொடைகளின் உட்புறமும் மர்ம உறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலவீனமாவது: இவை தண்டுவடத்தின் அடியில் குதிரைவால்போல் தொங்கும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள். வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே, அந்த மணிநேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாமதித்தால் அந்த நஷ்டம் நிரந்தரமாகிவிடக்கூடும். பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு தட்டுகிறது என்றாலும் உடனே காட்டுங்கள்.

காய்ச்சல், இரவில் அதிகரிக்கும் வலி, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தது என்ற நிலையும் கவனிக்கப்படவேண்டியவை. நம் நாட்டில் முதுகெலும்பைக் காசநோய் தாக்குவது அபூர்வமன்று. அது மருந்தினால் குணமாகும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆடுகோடியிலுள்ளவர்களுக்கு நிம்ஹான்ஸ், செயின்ட் ஜான்ஸ், ஜெயநகரிலுள்ள சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவ நிறுவனம் ஆகியவை அருகிலேயே இருக்கின்றன. இந்த அடையாளங்கள் உள்ளவர்கள் சுளுக்கு எடுப்பவரிடமோ முதுகில் ஏறி மிதிப்பவரிடமோ போகக்கூடாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதும் ஆபத்தே. அவை வயிற்றில் புண்ணையும், சிறுநீரகத்தில் கேட்டையும் உண்டாக்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாயிருங்கள்.

யாக்கோபின் நடை

வேதத்தில் இந்த நரம்புக்கு ஓர் இடம் உண்டு. யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடிய யாக்கோபின் தொடைச்சந்து சுளுக்கியதையும், இஸ்ரவேலர் தொடைச்சந்து நரம்பைப் புசிப்பதில்லை என்பதையும் ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். யூதக் கசாப்புக்காரர் காலுக்கு இறங்கும் அந்தப் பெரிய நரம்பை இன்றும் இறைச்சியிலிருந்து நீக்குகிறார்கள்.

அடுத்த அதிகாரத்தையும் கவனியுங்கள். நொண்டி நடந்த அந்த மனிதன் படுத்துவிடவில்லை. தன் சகோதரனைச் சந்திக்கப் புறப்பட்டான். ஏசா கூடவே வர அழைத்தபோதோ, நீர் முன்னே போம், பிள்ளைகளுக்கும் மந்தைகளுக்கும் இயன்ற நடையில் நான் மெதுவாய் வருகிறேன் என்னும் பொருளில் பதில் சொன்னான். காரணம் பிள்ளைகளும் மந்தைகளுமே. ஆனாலும் நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்களுக்கு அந்த நடையில் நல்ல பாடம் உண்டு.

நம்மில் அநேகர் வலி குறைந்த நாளில் ஒரு வாரத் துணிகளையும் துவைத்து, மாடிக்குக் குடங்களைச் சுமந்து, பின்பு மூன்று நாட்கள் படுத்துவிடுகிறார்கள். வலியை அளவாக வைக்காமல் நேரத்தை அளவாக வையுங்கள். இன்று பத்து நிமிடம் நடக்க முடிந்தால், நல்ல நாளிலும் பத்து நிமிடமே. சில நாட்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். ஒரு பெரிய குடத்துக்குப் பதிலாக இரண்டு சிறு வாளிகள். முக்கால் மணிநேரத்துக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் பயிற்சிகளை வலி நின்றபின்பும் விடாதேயுங்கள்.

சபையாருக்கு ஒரு வார்த்தை

"ஜெபித்தும் வலி போகவில்லையே, விசுவாசம் குறைவோ?" என்று ஒருவரையும் கேளாதேயுங்கள். ஏற்கெனவே அந்தக் கேள்வியால் இராத்திரிகளில் அழுகிறவர்கள் நம் நடுவில் உண்டு. பவுலின் முள் எடுக்கப்படவில்லை. துரோப்பீமு வியாதிப்பட்டு மிலேத்துவில் தங்கவேண்டியதாயிற்று. பவுலின் உடன் ஊழியனான லூக்கா ஒரு வைத்தியன். நாம் சுகத்துக்காக ஜெபிக்கிறோம், தொடர்ந்து ஜெபிப்போம். ஜெபிப்பவர் மருத்துவரிடம் செல்வது அவிசுவாசமல்ல.

பாயில் உட்கார முடியாதவருக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி போடுங்கள். முழங்காற்படியிட முடியாதவர் நின்று ஜெபிக்கட்டும். முழு இரவு ஜெபத்தில் பாதியில் எழுந்து நடப்பவரை உற்றுப்பார்க்காதேயுங்கள். வீட்டாரே, வெளியே காயம் தெரியாததால் அது சோம்பல் என்று எண்ணாதேயுங்கள். மாவரைப்பதையும் தண்ணீர் சுமப்பதையும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

யாக்கோபு முதிர்வயதிலும் தன் கோலின்மேல் சாய்ந்து தொழுதுகொண்டான் என்று எபிரெயர் நிருபம் சொல்லுகிறது. கைத்தடியோடு சபைக்கு வர வெட்கப்படுகிற அன்பு சகோதரனே, சகோதரியே, வெட்கப்படாமல் வாருங்கள். நாளைக் காலையில் தெருமுனைவரையாவது மெதுவாய் நடந்துபாருங்கள். கர்த்தர் உங்கள் நடைகளை ஸ்திரப்படுத்துவாராக. ஆமென்.