அணைந்திருக்கும் நேரத்தின் செலவு

சென்னை ரிச்சி தெருவில் சாமான் வாங்கி சால்டரிங் பழகியவர்கள் பலருக்கும் முதல் சர்க்யூட் மினுக்கும் எல்இடிதான். 555 டைமர் ஐசி ஒன்று, இரண்டு ரெசிஸ்டர், ஒரு கண்டென்சர், ஒன்பது வோல்ட் பேட்டரி. ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972ல் சந்தைக்கு விட்ட ஐசி அது. விளக்கு அழகாக மினுக்கும். இரண்டு மூன்று நாளில் பேட்டரி படுத்துவிடும்.

பழியை எல்இடி மேல் போடுவார்கள். அது பாதிதான் உண்மை. விளக்கு அணைந்திருக்கும்போதும் 555 தன் பங்குக்குச் சில மில்லி ஆம்பியரைக் குடித்துக்கொண்டே இருக்கும். வெளிச்சத்துக்கு ஆகும் செலவுக்குக் கிட்டத்தட்டச் சமமான செலவு, நேரம் எண்ணுவதற்கே ஆகிவிடும்.

இதற்கு அப்போதே மருந்து இருந்தது. நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்3909. ஒரே ஒரு டார்ச் செல்லில் ஓடும். சிவப்பு எல்இடி எரிய 1.7 வோல்டாவது வேண்டும். செல்லில் இருப்பதோ 1.5. அதனால் இருட்டு நேரத்தில் கண்டென்சரை நிரப்பி வைத்து, மினுக்கும் கணத்தில் அதை செல்லோடு தொடராகச் சேர்த்துவிடும். இரண்டின் வோல்டேஜும் கூடி எல்இடி பளிச்சிடும். மாதக்கணக்கில் ஓடிய சர்க்யூட். அந்த ஐசியின் உற்பத்தி நின்று பல வருடங்களாகின்றன.

இன்று அந்த இடத்தில் அட்டைனி85 போன்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர். பெரும்பாலும் தூங்கும்; வாட்ச்டாக் டைமர் தட்டி எழுப்பினால் மினுக்கிவிட்டு மறுபடி தூங்கிவிடும். தூங்கும்போது சுமார் 5 மைக்ரோ ஆம்பியர். இரண்டு நொடிக்கு ஒருமுறை, 10 மில்லி நொடி மட்டும், 5 மில்லி ஆம்பியரில் மினுக்கினால் சராசரி 25 மைக்ரோ ஆம்பியர். மொத்தம் 30 மைக்ரோ ஆம்பியர். 220 மில்லி ஆம்பியர் மணி கொண்ட சிஆர்2032 பட்டன் செல், கணக்குப்படி பத்து மாதம் தாங்கும். செலவில் பெரும்பங்கு இப்போது வெளிச்சத்துக்குத்தான் போகிறது. போக வேண்டியதும் அங்கேதான். எல்இடியும் மாறிவிட்டது. அன்று 20 மில்லி ஆம்பியர் கேட்ட வெளிச்சத்தை இன்றைய எல்இடி ஒன்றிரண்டு மில்லி ஆம்பியரிலேயே தந்துவிடுகிறது.

ஆனால் புரோகிராமில், மைக்ரோகண்ட்ரோலருக்குள் வோல்டேஜ் அளக்கும் ஏடிசியை அணைக்க மறந்தால் போச்சு. தூக்கத்திலும் சில நூறு மைக்ரோ ஆம்பியர் ஒழுகும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆர்டுயினோ யூனோ போர்டையே அப்படியே ஒன்பது வோல்ட் பேட்டரியில் மாட்டுபவர்களும் உண்டு. அது ஒரு நாள்கூடத் தாங்காது.

பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதென்றால் நான் இன்னும் டைமர் ஐசியைத்தான் எடுப்பேன். கண்டென்சரை மாற்றினால் வேகம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாங்கும்போது மட்டும் சிமாஸ் வகை 7555 என்று கேட்டு வாங்குவேன். அதே எட்டுக் கால், அதே இணைப்பு. தனக்கென எடுப்பது சுமார் 0.1 மில்லி ஆம்பியர்தான். இரண்டு பென்டார்ச் செல் போதும்.