பையன் நல்ல பையன்தான், ஆனா...

எங்கள் அக்காவுக்கு ஒரே பையன். வயசு எட்டு. பேச ஆரம்பித்தால் நிறுத்த தனியாக ஆள் போட வேண்டும். பிறந்தபோதே செரிப்ரல் பால்ஸி. சர்க்கார் பாஷையில் மூளை முடக்குவாதம். மூளையெல்லாம் முடங்கவில்லை சார், கேரம் போர்டில் என்னை நாலு வருஷமாகத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறான். கால்தான் ஒத்துழைக்காது. காலிபர் மாட்டி, சுவரைப் பிடித்து, மெதுவாக நடப்பான்.

எல்.கே.ஜி.யிலிருந்து ரெண்டாம் கிளாஸ் வரை கீழ்த்தளம். பிரச்னை இல்லை. மூன்றாம் கிளாஸ் மாடியில். இருபத்திரண்டு படி.

முதல் வாரம் அக்காவே தூக்கிக்கொண்டு ஏறினாள். ரெண்டாவது வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "பையன் நல்ல பையன்தான், ஆனா..." இந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவது என்ன என்று இந்த மாதிரிக் குழந்தைகளைப் பெற்ற எல்லாருக்கும் தெரியும். "டி.சி. வாங்கிட்டு ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துடுங்களேன். அவனுக்கே நல்லது."

அன்று ராத்திரி அக்கா போன் பண்ணினாள். அழவில்லை. "டேய், நீதானே படிச்சவன், இதுக்கு ஏதாவது சட்டம் கிட்டம் இருக்கா பாரு" என்றாள். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த சட்டம் டெபிட், கிரெடிட். இருந்தாலும் அக்கா கேட்டால் மறுக்க முடியுமா? தேடி எடுத்து உட்கார்ந்தேன்.

இருக்கிறது சார்! மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அமலுக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. இதற்கு முன்னால் 1995-ல் ஒரு சட்டம் இருந்தது. அதில் 7 வகைக் குறைபாடுகள்தான். புதுசில் 21. ஆட்டிசம், டிஸ்லெக்ஸியா எல்லாம் இதில் வந்துவிட்டது.

பதினாறாம் பிரிவுக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரசு நிதி பெறுகிற பள்ளியோ, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, குறைபாட்டைக் காரணம் காட்டி வேற்றுமை பார்க்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டடம், வளாகம் எல்லாம் அந்தக் குழந்தை வந்து போகிற மாதிரி இருக்க வேண்டும். குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்து கொடுக்க வேண்டும். 'அங்கீகாரம்' என்ற ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். "அதெல்லாம் கவர்ன்மென்ட் ஸ்கூலுக்குங்க" என்று தனியார் பள்ளி நழுவ முடியாது. வாசல் போர்டிலேயே 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்களே!

ஸ்பெஷல் ஸ்கூல் யோசனைக்கு 31-ம் பிரிவு. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்திலிருக்கும் பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பது குழந்தையின் விருப்பம். பள்ளிக்கூடத்தின் விருப்பம் என்று எங்கும் எழுதவில்லை. எங்கள் வாண்டுக்கு 60 சதவீதம் என்று மெடிக்கல் போர்டு கொடுத்திருக்கிறது. கணக்கில் அவன் வாங்குவதைவிடக் குறைச்சல்தான்.

ஆவேசமாக நாலு பக்கம் லெட்டர் எழுதிவிட்டேன். மீறினால் 89-ம் பிரிவின்படி முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவை 50,000-க்குக் குறையாமல் 5 லட்சம் வரை என்றெல்லாம். மாநில ஆணையரிடம் போவோம், சாட்சியைக் கூப்பிட, ஆவணம் கேட்க, சிவில் கோர்ட்டின் அதிகாரம் அவருக்கு உண்டு என்றும் மிரட்டியிருந்தேன்.

அக்கா முழுசாகப் படித்தாள். மடித்தாள்.

"நல்லாத்தான்டா எழுதியிருக்க. சண்டை போட்டு ஜெயிச்சுட்டு, மறுநாள் காலைல புள்ளைய அதே மிஸ்கிட்டதானே விட்டுட்டு வரணும்? பாத்ரூம் போகணும்னு அவன் கையத் தூக்கினா, அவங்கதானே பார்க்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தச் சட்டத்தில் நூற்றுச் சொச்சம் பிரிவு இருக்கிறது. இதற்கு ஒரு பிரிவும் இல்லை.

அக்காவே எழுதினாள். ஒரே பக்கம். மூன்றாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி வேண்டுகோள். கடைசியில் ஒரே ஒரு வரி, 16-ம் பிரிவைக் குறிப்பிட்டு. கூடவே சான்றிதழ் நகல். என் பங்குக்கு நான் செய்தது ஒன்றுதான்: இன்னொரு பிரதியில் 'பெற்றுக்கொண்டோம்' என்று தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். பி.காம். படிப்பு வீண் போகவில்லை. வாயால் கேட்டது காற்றோடு போச்சு. முத்திரை விழுந்த பேப்பருக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டார். தங்கமான மனுஷர் மாதிரிதான் பேசினார். "எங்க டீச்சர்ஸுக்கு இதுல ட்ரெயினிங் இல்லையே தம்பி..." நியாயமான கவலை. ஆனால் அதற்குப் பையனை அனுப்புவது பரிகாரமா? தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15-க்கு ஒருவர் என்று சுப்ரீம் கோர்ட்டே 2021-ல் சொல்லியிருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. "நாங்க கேட்கிறது டீச்சர் இல்ல சார், ரூம்" என்றேன்.

"ரூம் மாத்தினா மத்த பேரன்ட்ஸ் கேட்பாங்களே?"

அக்கா அதுவரை வாயே திறக்கவில்லை. "என்னன்னு சார் கேட்பாங்க? எங்க புள்ளை ஏன் படி ஏறலன்னா?"

அவர் சிரித்துவிட்டார். கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது அவருக்கு.

பதினோரு நாள் கழித்து மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவு கீழே வந்தது. ஐந்தாம் வகுப்பு மேலே போனது. மொத்தச் செலவு: பெஞ்சு தூக்கிய ரெண்டு பேருக்கு டீ, வடை. சட்டம் 'அளவுக்கு மீறிய சுமை' இல்லாத மாற்றத்தைத்தான் கேட்கிறது. இதைவிட லேசான சுமையை நான் பேரேட்டில்கூடப் பார்த்ததில்லை.

ஜெயிச்சாச்சு என்று ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். வாண்டு லட்டை வாயில் வைத்துக்கொண்டே கேட்டான்: "மாமா, கம்ப்யூட்டர் ரூம் மேலதானே இருக்கு? வியாழக்கிழமை எல்லாரும் போயிடுவாங்க. நான் மட்டும் கிளாஸ்ல உட்கார்ந்திருக்கேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.