கம்பிவழி இணையத்தில் வேகக் குறைவு: பழுது எந்தப் பக்கம், பொறுப்பு யாருக்கு?

தமிழ்நாட்டின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் ஃபைபர் இணையம் பரவிய பிறகு, நுகர்வோரிடமிருந்து அடிக்கடி எழும் குறை ஒன்று உண்டு. நொடிக்கு 200 அல்லது 300 மெகாபிட் வேகத்துக்குக் கட்டணம் செலுத்தி, வைஃபையை நம்பாமல் தொலைக்காட்சி வரை லேன் கேபிளும் இழுத்த பின்னும், உயர்தெளிவுப் படம் ஓடும்போது திரை நின்று நின்று சுற்றுகிறது அல்லது படம் மங்கிப்போகிறது என்பதே அது. இதற்கு இணைய நிறுவனமே காரணம் என்று நுகர்வோரும், வீட்டிலுள்ள கருவியே காரணம் என்று நிறுவனத்தின் ஊழியரும் சொல்லிக்கொண்டிருப்பதால் புகார்கள் முடிவின்றி இழுபடுகின்றன. படம் இருக்கும் சேவையகத்திலிருந்து நிறுவனத்தின் முனையம் வரை, அங்கிருந்து வீட்டுச் சுவரில் மாட்டப்பட்ட ஓஎன்டி பெட்டி வரை, பெட்டியிலிருந்து தொலைக்காட்சி வரை என இந்தப் பாதை மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. ஓஎன்டி என்பது ஒளியிழையில் வரும் ஒளித்துடிப்பை மின்குறிப்பாக மாற்றித் தரும் கருவி. அந்தப் பெட்டி வரையிலான இணைப்புக்கு நிறுவனமும், அதற்கு அப்பாலுள்ள கேபிளுக்கும் கருவிகளுக்கும் வீட்டாரும் பொறுப்பு. எனவே, பழுது பெட்டியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அளந்து காட்டக்கூடிய நுகர்வோரின் புகாருக்கே வலு உண்டு.

தேவை எவ்வளவு?

இணைய நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கணினியோ கோப்பு இறங்கும் வேகத்தைப் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், நொடிக்கு 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்டே. இவ்வேறுபாடு தெரியாமல், வாக்களித்த வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான் வருகிறது என்று புகார் கொடுப்போரும் உளர். 4கே எனப்படும் படம் அகலத்தில் 3840, உயரத்தில் 2160 புள்ளிகள் கொண்டது. அதற்கு நெட்ஃபிளிக்ஸ் நொடிக்கு 15 மெகாபிட்டும், யூடியூப் 20 மெகாபிட்டும் பரிந்துரைக்கின்றன. ஆகவே 100 மெகாபிட் இணைப்பே ஒரே நேரத்தில் மூன்று நான்கு திரைகளுக்குத் தாராளமாகப் போதும் என்பதும், அந்த இணைப்பில் ஒரே ஒரு திரை தடுமாறினால் அதற்கு மருந்து பெரிய பிளானுக்கு மாறுவது அன்று என்பதும் விளங்கும்.

படம் மங்குவதற்கு எப்போதும் வேகமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வேகம் குறையும்போது காட்சியை நிறுத்தாமல் தெளிவைக் குறைத்து அனுப்புவது இச்சேவைகளின் வழக்கமான முறை. ஆனால், 4கே தராத சந்தா வகையைப் பெற்றிருந்தாலும், தொலைக்காட்சியின் சிப் அந்தப் படத்தின் சுருக்க முறையைப் புரிந்துகொள்ளாத பழையதாக இருந்தாலும், பாதுகாப்பு உரிமம் பெறாத உலாவியில் பார்த்தாலும், எவ்வளவு வேகம் இருந்தும் தெளிவு உயராது. சந்தா வகையையும் கருவியையும் முதலில் சரிபார்த்துவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

பெட்டிக்கு உள்பக்கம்

வேகச் சோதனையில் எந்த நேரத்திலும் 93 முதல் 95 மெகாபிட்டுக்குள் அளவு நின்றுவிட்டால், அது நிறுவனத்தின் குறையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாதையில் எங்கோ ஒரு கருவி நொடிக்கு 100 மெகாபிட் என்ற பழைய தரத்தில் இயங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். தரவுப் பொட்டலங்களின் தலைப்புத் தகவல்களுக்கான பங்கு கழிந்தபின் பயனாளருக்குக் கிடைப்பது ஏறத்தாழ அவ்வளவுதான். கிகாபிட் தரத்திலோ அந்த அளவு 940 மெகாபிட்டை எட்டும்.

இதற்கான காரணம் பல வீடுகளில் கேபிளின் நுனியிலேயே இருக்கிறது. லேன் கேபிளுக்குள் எட்டு இழைகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. 100 மெகாபிட் தரம் 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகளை மட்டுமே பயன்படுத்துகிறது. கிகாபிட் தரத்துக்கு எட்டும் வேண்டும். கேபிள் நுனியில் இணைப்பானைப் பொருத்தும் கிரிம்பிங் வேலையைச் செய்தவர் பழுப்பு இழை ஒன்றைச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தாலோ, கேபிளை மிச்சப்படுத்த எட்டு இழைகளையும் இரண்டாகப் பிரித்து இரண்டு அறைகளுக்கு இணைப்புக் கொடுத்திருந்தாலோ, கருவிகள் தமக்குள் பேசி 100 மெகாபிட்டுக்கு இறங்கிக்கொள்ளும். விளக்கு எரியும், இணையமும் ஓடும், ஆனால் வேகம் மட்டும் ஏறாது. செம்பு பூசிய அலுமினியக் கம்பியால் ஆன மலிவான கேபிள்களும் சந்தையில் செம்புக் கேபிளோடு கலந்து விற்கப்படுகின்றன. அவை மின்தடை மிகுந்தவை, வளைத்தால் எளிதில் முறிபவை. கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டும்போது உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். வீட்டுத் தேவைக்கு முழுச் செம்பாலான கேட்-5இ அல்லது கேட்-6 கேபிள் போதும். அது 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும்.

கேபிள் சரியாக இருந்தாலும் போர்ட் குறைவானதாக இருக்கலாம். மலிவான ஓஎன்டி பெட்டிகள் பலவற்றில் முதல் போர்ட் மட்டும் கிகாபிட் தரத்திலும், ஏனையவை 100 மெகாபிட் தரத்திலும் அமைந்திருக்கும். பழைய சுவிட்ச் பெட்டிகளுக்கும் இதே குறை உண்டு. விலை உயர்ந்த 4கே தொலைக்காட்சிகளிலும் லேன் போர்ட் 100 மெகாபிட்டாகவே இருப்பது வாங்குவோருக்கு வியப்பளிக்கும். இணையவழிப் படங்களுக்கு அது போதும் என்பதால் அந்தப் போர்ட் தடுமாற்றத்துக்குக் காரணமாகாது. வீட்டுக் கணினியில் சேமித்த, அதிகம் சுருக்கப்படாத பெரிய கோப்புகளை ஓட்டுவோருக்கு மட்டும் அது இடறும். அவர்களுக்கு ரூட்டருக்கு அருகில் கிடைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே கம்பியைவிட வேகமாக அமையலாம்.

பெட்டிக்கு வெளிப்பக்கம்

பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில், ஒரு ஒளியிழையின் நொடிக்கு 2.488 கிகாபிட் பதிவிறக்கத் திறனை, கண்ணாடிப் பிரிப்பான் மூலம் 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. பகலில் சீராக இருக்கும் வேகம் இரவு எட்டு மணிக்கு மேல் சரிவதும், நள்ளிரவில் மீள்வதும், இப்பகிர்விலோ உள்ளூர் ஆப்பரேட்டர் வாங்கியிருக்கும் மேல்நிலை அலைவரிசையிலோ நெரிசல் இருப்பதைக் காட்டும். ஒளியிழை கூர்மையாக வளைந்தாலோ, இணைப்பு முனையில் தூசி படிந்தாலோ, பெட்டிக்கு வந்துசேரும் ஒளியின் வலு குறையும். ஓஎன்டியின் நிர்வாகப் பக்கத்தில் டிபிஎம் என்ற அலகில் காட்டப்படும் அந்த வலு, ஜிபான் இணைப்பில் பொதுவாக −8க்கும் −27க்கும் இடையில் இருக்க வேண்டும். எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். ஒரே ஒரு செயலி மட்டும் தடுமாறி மற்றவை நன்றாக ஓடினால், குறை அந்தச் சேவையிலோ அதற்கும் நிறுவனத்துக்கும் இடையிலான இணைப்பிலோ இருக்கிறது.

வேகம் மாதக் கடைசியில் மட்டும் படுத்துவிட்டால், நியாயப் பயன்பாட்டு வரம்பைச் சோதிக்க வேண்டும். குறிப்பிட்ட தரவளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு அது. 15 மெகாபிட் வேகத்தில் ஓடும் 4கே படம் மணிக்குச் சுமார் 7 கிகாபைட் எடுத்துக்கொள்ளும் என்பதால், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் பார்க்கும் வீட்டில் ஒரு திரை மட்டுமே மாதத்துக்கு 1,000 கிகாபைட்டைக் கடந்துவிடும்.

சட்டம் தரும் உரிமைகள்

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 ஜனவரி 25இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, நொடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் பதிவிறக்க வேகம் தரவல்ல இணைப்பே பிராட்பேண்ட் எனப்படும். இது அடித்தள வரையறை மட்டுமே. நுகர்வோருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்த வேகம் பிளானில் குறிப்பிட்டதுதான். டிராய் என அறியப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 அக்டோபர் 31இல் பிறப்பித்த உத்தரவு, தரவு வரம்பு எவ்வளவு, வரம்புவரை வேகம் எவ்வளவு, அதன்பின் எவ்வளவு என்பவற்றை விளம்பரத்திலும் இணையதளத்திலும் தெளிவாகச் சொல்லவும், வரம்பில் 50, 90, 100 விழுக்காட்டை எட்டும்போது நுகர்வோருக்குத் தகவல் அனுப்பவும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. வரம்பைச் சொல்லாமல் வேகத்தை வெட்டுவது, ஆகவே, முறையிடத்தக்க குறைபாடு.

சேவைத் தரத்தைப் பொறுத்தவரை, 2006இல் வகுக்கப்பட்ட விதிமுறைகள் நிறுவனத்தின் முனையத்துக்கும் பயனாளருக்கும் இடையே சந்தா வேகத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்திருந்தன. அவற்றுக்கு மாற்றாக 2024ஆம் ஆண்டின் சேவைத்தர ஒழுங்குமுறைகள் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நிலையான இணைப்பில் பழுதைச் சரிசெய்ய மூன்று நாளுக்கு மேல் ஆனால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது அவற்றின் கூறுகளில் ஒன்று. இத்தகைய அளவுகோல்கள் நிறுவனத்தின் ஒட்டுமொத்தச் செயல்பாட்டை மதிப்பிடுவதற்கானவை என்பதால், தனி வீட்டுக்கு நேர்ந்த குறையை அவ்வீட்டாரே சான்றுடன் நிறுவ வேண்டியிருக்கிறது.

முறையீட்டின் படிகள்

சான்று திரட்டுவது எளிது. கிகாபிட் போர்ட் உள்ள மடிக்கணினியை ஓஎன்டி பெட்டியின் முதல் போர்ட்டில் நல்ல கேபிளால் நேரடியாகச் செருகி, வைஃபையை அணைத்து, பிற கருவிகளைக் கழற்றிவிட்டு, காலையிலும் இரவிலும் சில நாள்கள் சோதித்து, தேதியும் நேரமும் தெரியும்படி திரைப்பதிவுகளைச் சேமித்தால் போதும். அங்கே வேகம் சரியாக இருந்தால் குறை வீட்டுக்குள். அங்கேயே குறைந்தால் புகார் நிறுவனத்தின் மேல்.

2012ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி, நிறுவனத்தின் புகார் மையம் ஒவ்வொரு புகாருக்கும் பதிவெண் வழங்க வேண்டும். அந்த எண்ணின்றி வாய்மொழியாக உள்ளூர் கேபிள்காரரிடம் சொன்ன குறை பதிவாகாது என்பதை நுகர்வோர் மறந்துவிடுகின்றனர். தீர்வில் நிறைவில்லையெனில், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உள்ளூர் ஆப்பரேட்டர் வழியாக இணைப்புப் பெற்றிருந்தாலும் உரிமம் பெற்ற நிறுவனமே பொறுப்பாளி என்பதால், அந்த நிறுவனத்தின் பெயரிலான ரசீதைக் கேட்டுப் பெறுவது அவசியம். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை; தொலைத்தொடர்புத் துறையின் பொதுக்குறைதீர் பிரிவையும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் நாடலாம்.

இவற்றிலும் பலன் இல்லையெனில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத்தொடர்பைச் சேவை என்ற வரையறைக்குள் வெளிப்படையாகச் சேர்த்துள்ளது. பழைய தந்திச் சட்டத்தின் நடுவர் தீர்ப்பு விதியைக் காட்டி நுகர்வோர் மன்றங்களின் அதிகாரத்தைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள், நுகர்வோர் வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இன்றியும் மனு அளிக்கலாம். சேவைக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை.

கவனிக்க வேண்டிய இடர்கள்

வேகக் குறைவைச் சரிசெய்யும் ஆத்திரத்தில் நேரும் இழப்பு சில வேளை வேகக் குறைவைவிடப் பெரிது. தேடுபொறியில் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்கள் பல மோசடிக்காரர்களுடையவை. கைப்பேசியையோ கணினியையோ தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வோரிடம் இணங்காமல் இருப்பதும், ரசீதில் அச்சிட்ட எண்ணை மட்டும் அழைப்பதும், பணம் பறிபோனால் உடனே 1930க்குத் தகவல் சொல்வதும் இன்றியமையாதவை. பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தவுடன் நிறுவனம் வைத்த பொதுக் கடவுச்சொல்லையும் வைஃபைக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும். இல்லையேல் அண்டை வீட்டாரின் பயன்பாடே வேகத்தை உண்ணும்.

மாடிக்கு மாடி வெளியே தொங்கும் செம்பு லேன் கேபிள் இடி மின்னல் காலத்தில் மின்னழுத்தத்தை வீட்டுக்குள் கடத்தித் தொலைக்காட்சியையும் ரூட்டரையும் எரித்துவிடக்கூடும் என்பதால், கட்டடங்களுக்கு இடையே உலோகமற்ற ஒளியிழையே ஏற்றது. மின்சார வயர் ஓடும் அதே குழாயில் லேன் கேபிளை இழுப்பது குறுக்கீட்டையும் மின்னதிர்ச்சி அபாயத்தையும் ஒருசேர வரவழைக்கும். கழற்றிய ஒளியிழை முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பதும் கூடாது. அதில் வரும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வகையைச் சேர்ந்தது.

ஆக, சந்தா வகை, கேபிள், போர்ட், பெட்டியில் நேரடிச் சோதனை, அதன்பின் பதிவெண்ணுடன் புகார் என்ற வரிசையில் செல்லும் நுகர்வோர், சில நூறு ரூபாய் கேபிளில் தீரும் குறைக்குக் கூடுதல் மாதக் கட்டணம் கட்ட மாட்டார். நிறுவனம் தீர்க்க வேண்டிய குறைக்குப் புதுத் தொலைக்காட்சியும் வாங்க மாட்டார்.