தந்தை வழியும் தாய்மொழியும்

ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நின்றால் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் காதில் விழும். உருது பேசுகிறவர்களின் முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். வேறு சிலர் அதையே பழியாகச் சொல்வார்கள். இந்திய முஸ்லிம்களைப் பற்றி மரபணு ஆய்வு காட்டும் சித்திரம் வேறு.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் கலப்பில்லாமல் போகிறது. எப்போதாவது அதன் டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றம் அடுத்து வரும் ஆண் வாரிசுகளிடம் எல்லாம் தங்கிவிடும். அதை வைத்துத்தான் தந்தைவழியைப் பின்தொடர்கிறார்கள்.

மரபணு ஆய்வாளர்கள் ஈஸ்வர்காந்த், குமாரசாமி தங்கராஜ் முதலியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ்நாட்டு தாவூதி போராக்கள், கேரள மாப்பிள்ளைகள் உட்பட ஆறு முஸ்லிம் சமூகங்களின் 431 ஒய் குரோமோசோம் மாதிரிகள் இருந்தன. பெரும்பாலான சமூகங்களின் மரபணுக்கள் அக்கம்பக்கத்து முஸ்லிம் அல்லாதவர்களுடையதையே ஒத்திருந்தன. வெளியிலிருந்து வந்த கலப்பு உண்டு, ஆனால் கொஞ்சம்தான். அது இரானிலிருந்தா, அரேபியாவிலிருந்தா? ஒய் குரோமோசோமால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரு நாட்டு வழிகளும் அவ்வளவு ஒத்திருந்தன. கைகொடுத்தது பால் செரிக்கும் மரபணு. வளர்ந்த பின்னும் பாலைச் செரிக்க வைக்கும் மாற்றம் அரேபியரிடம் ஒரு வகை, இரானிலும் இந்தியாவிலும் வேறு வகை. அதைப் பார்த்ததும், அரேபியாவிலிருந்து பெரிய அளவில் கலப்பு நடக்கவில்லை என்பது தெளிவானது. மதம் பரவிய அளவுக்கு ஆட்கள் வரவில்லை. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மதத்தை விட்டுச் சாதிக்கு வந்தால், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் குழு 2012-இல் தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களை ஆராய்ந்தது. தந்தைவழி வேறுபாடுகள் 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே, விவசாயம் பரவிய காலத்தில், சாதி அமைப்புக்கு முன்னரே உருவாகியிருந்தன என்பது அவர்கள் முடிவு.

உருது பேசுவதை மட்டும் வைத்து ஒருவரின் தந்தைவழியைச் சொல்லிவிட முடியாது. மொழியும் தந்தைவழியும் எப்போதும் சேர்ந்தே நடப்பதில்லை என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி. பின்லாந்து ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர், சைபீரியா வழியாக வந்த ‘என்’ என்ற தந்தைவழிப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பக்கத்து லாட்விய, லிதுவேனிய ஆண்களிலும் பத்தில் நான்கு பேர் அப்படித்தான். அவர்கள் பேசுவதோ, பின்னிய மொழி சேராத இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழிகள். பின்னிய மொழிக்குத் தூரத்து உறவான ஹங்கேரிய மொழியைப் பேசும் ஆண்களிடம் அந்தப் பிரிவு மிக அரிது.

பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஓர் ஆணுக்கு அந்தத் தலைமுறையில் 1,024 முன்னோர். ஒய் குரோமோசோம் சொல்வது அவர்களில் ஒரே ஒரு ஆணின் கதையை. மீதி 1,023 பேரில் 512 பேர் பெண்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிக்கூட அது பேசாது.