நிரம்பிய வன்தட்டில் இடம் பெறும் முறை

களப்பணியாளர் ஊர் ஊராய்ச் சென்று எடுத்த குறிப்புகளும், ஆசிரியர் ஓராண்டு முழுவதும் தொகுத்த மதிப்பெண் பட்டியல்களும் முன்னாளில் பேரேடுகளில் இருந்தன. இன்று அவற்றுட் பல மடிக்கணினியின் வன்தட்டில் இருக்கின்றன. பேரேடு நிரம்பினால் மற்றொன்று வாங்கிக் கொள்ளலாம். வன்தட்டின் முக்கியப் பகுதி நிரம்பினாலோ யந்திரத்தின் வேலையே தடைப்படுகிறது. புதிய கோப்பைச் சேமிக்க இயலுவதில்லை; யந்திரம் மந்தமாகிறது; சில வேளைகளில் தொடங்கவும் மறுக்கிறது. அந்நிலையில் கைக்கு அகப்பட்டதை அழித்து இடம் தேடுவோர் பலர். இடம் கிடைக்கலாம், அதனுடன் ஓராண்டு உழைப்பும் போய்விடக் கூடும். ஆகவே, நிரம்பியிருப்பது எது, அழித்தல் என்பது யாது என்பவற்றை முதலில் அறிதல் அவசியமாகும்.

தட்டும் அதன் பகுதிகளும்

1956 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் கணிப்பொறியை அறிமுகப்படுத்தியது. சுமார் 60 செ.மீ. குறுக்களவுள்ள 50 காந்தத் தட்டுகள் சேர்ந்து அதில் 50 லட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு ஒன்று 500 ஜிகாபைட், அதாவது 50,000 கோடி பைட்டு கொள்ளும். இத்தட்டை விண்டோஸ் இயங்குதளம் சுமார் 465 ஜிகாபைட் என்றே காட்டும். இதில் மோசடி ஏதும் இல்லை. தட்டைச் செய்வோர் ஒரு ஜிகாபைட்டை 100 கோடி பைட்டாகக் கொள்கின்றனர். விண்டோஸ் அதனை 107 கோடிக்கும் சற்று அதிகமாகக் கணக்கிடுகிறது. அளவுகோல் மாறுகிறதேயன்றி இடம் குறைவதில்லை.

தட்டு ஒன்றேயாயினும் அதனைப் பல பகுதிகளாகப் பிரித்து உபயோகிப்பது வழக்கம். பெங்களூரில் விவேக் நகரைப் போன்ற நெருக்கமான குடியிருப்பில், ஒரு மனையைக் குறுக்குச் சுவரால் முன்கட்டு, பின்கட்டு என்று பிரித்திருப்பதாகக் கொள்வோம். முன்கட்டில் காலூன்ற இடமின்றிப் பொருள் நிறைந்திருக்கும்போதே பின்கட்டு காலியாக இருக்கலாம். சுவர் இருக்கும்வரை ஒன்றின் வெற்றிடம் மற்றொன்றுக்கு உதவாது. விண்டோஸ் யந்திரங்களில் ‘சி’ என்னும் பகுதி முன்கட்டைப் போன்றது. இயங்குதளமும் நிரல்களும் அங்கே குடியிருக்கின்றன. ‘டி’ என்னும் பகுதி இருப்பின் அது பெரும்பாலும் பின்கட்டு. ஒரே தட்டில் இரண்டு இயங்குதளங்களை வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப்பகுதி தேவைப்படும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் விண்டோஸையும் ஒரே யந்திரத்தில் வைத்திருப்போர் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

அழித்தலின் பொருள்

ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலோ நடுவிலோ ஓர் அட்டவணை உண்டு. எந்தக் கோப்பு தட்டின் எவ்விடத்தில் உள்ளது என்பதை அது காட்டும். கோப்பை அழிக்கும்போது பொதுவாக இந்த அட்டவணைக் குறிப்பே நீக்கப்படுகிறது. அவ்விடம் காலியெனக் கருதப்படும். பழைய பதிவோ வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை தங்கியிருக்கும். சுழலும் தட்டுகளில் தவறி அழித்தவற்றைச் சில வேளைகளில் மீட்க முடிவது இதனால்தான். தற்கால மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள சுழலாத திண்மநிலைத் தட்டுகளில் இந்த நம்பிக்கை கூடாது. அழித்த இடத்தை அவை தாமே துப்புரவு செய்துவிடுவதால் மீட்பு பெரும்பாலும் இயலாததாகிறது.

விண்டோஸில் சாதாரண முறையில் அழித்த கோப்பு, குப்பைத் தொட்டி எனப்படும் இடத்துக்கு மாறுகிறதேயன்றி வெளியேறுவதில்லை. தொட்டியைக் காலி செய்தாலன்றி ஒரு பைட்டு இடமும் பெருகாது.

இடத்தைப் போலவே அட்டவணையும் சுமையாகலாம். 2004 ஜனவரியில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்காவின் ஸ்பிரிட் ஊர்தி, அம்மாதம் 21 ஆம் தேதி திடீரென்று ஒழுங்கான தொடர்பை இழந்தது. அதன் சேமிப்பு நினைவகத்தில் பயணக் காலத்திலிருந்தே எண்ணிறந்த கோப்புகள் சேர்ந்திருந்தன. அவற்றின் அட்டவணையைக் கையாளப் போதிய செயல் நினைவகம் இல்லாமையால் கணிப்பொறி திரும்பத் திரும்பத் தானே புதிதாகத் தொடங்கிற்று. இரவில் உறங்காமல் மின்கலத்தையும் செலவழித்தது. விஞ்ஞானிகள் விரைந்து எதையும் அழித்துவிடவில்லை. சேமிப்பு நினைவகத்தைத் தொடாமல் யந்திரத்தைத் தொடங்கச் செய்து, காரணத்தை ஆராய்ந்து, தேவையற்ற கோப்புகளை நீக்கி, பிப்ரவரியில் நினைவகத்தைப் புதிதாக ஒழுங்கு செய்தனர். அதன்பின் ஊர்தி 2010 மார்ச் வரை செய்தி அனுப்பி வந்தது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் பயன்பட்ட ஒழுங்கு மேசைமீதுள்ள யந்திரத்துக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டிய வரிசை

முதலாவது, கணக்கெடுத்தல். விண்டோஸின் அமைப்புகளில் சேமிப்பகம் என்னும் பக்கம், நிரல்கள், படங்கள், தற்காலிகக் கோப்புகள் ஆகியன எவ்வளவு இடம் கொண்டுள்ளன என்று வகைப்படுத்திக் காட்டும். லினக்ஸிலும் இதற்குரிய கருவிகள் உண்டு. பத்து ஆவணங்களை அழிப்பதைவிட ஒரு நிகழ்படத்தை இடம் மாற்றுவது அதிகப் பயன் தரும் என்பது இக்கணக்கால் விளங்கும்.

இரண்டாவது, பிரதி எடுத்தல். களக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல் போன்ற மீண்டும் பெற இயலாதவற்றை வெளித்தட்டு ஒன்றில் பிரதி செய்து, அப்பிரதி திறக்கிறதா என்று பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லுதல் வேண்டும். அதே தட்டின் ‘டி’ பகுதியில் வைத்த பிரதி காப்பு ஆகாது. தட்டு பழுதுற்றால் இரண்டும் ஒருங்கே அழியும்.

மூன்றாவது, யந்திரம் தானே சேர்த்தவற்றை நீக்குதல். தற்காலிகக் கோப்புகள், புதுப்பித்தலின் எச்சங்கள், இயங்குதளம் மேம்படுத்தப்பட்டபின் தங்கும் பழைய பதிப்பு ஆகியவை பல ஜிகாபைட் இடத்தை அடைத்திருக்கக் கூடும். இவற்றை விண்டோஸில் உள்ள துப்புரவுக் கருவியைக் கொண்டே நீக்க வேண்டும். பழைய பதிப்பை நீக்கியபின் அதற்குத் திரும்ப இயலாது என்பதையும் நினைவிற் கொள்க.

நான்காவது, உபயோகமற்ற நிரல்களை நீக்குதல். நிரலை முறைப்படி அகற்ற வேண்டுமேயன்றி அதன் உறையை மட்டும் அழித்தல் தவறு. இயங்குதளத்தின் உறைகளுக்குள் பெயர் தெரியாத பெரிய கோப்பைக் கண்டு அழிப்பது அதனினும் தவறு. யந்திரம் ஆழ்ந்து உறங்கும்போது செயல் நினைவகத்தைப் பதிந்து வைக்கும் கோப்பு இத்தகையது. அவ்வசதியை நிறுத்தினால் கோப்பும் தானே மறையும்.

ஐந்தாவது, படங்களையும் நிகழ்படங்களையும் ‘டி’ பகுதிக்கோ வெளித்தட்டுக்கோ மாற்றுதல்.

சுவரை நகர்த்துதல்

இவ்வளவு செய்தும் இடம் போதாதாயின் பகுதிகளின் எல்லையை மாற்றலாம். இங்கே பலர் ஏமாற்றம் அடைவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸின் தட்டு மேலாண்மைக் கருவி ‘டி’ பகுதியைச் சுருக்கும்போது வெற்றிடம் அதன் பின்முனையில் தோன்றும். ‘சி’ பகுதியோ தன்னை ஒட்டி அடுத்துள்ள வெற்றிடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ள வல்லது. பின்கட்டின் கொல்லைப்புறத்தில் விட்ட இடம் முன்கட்டுக்கு உதவாதது போன்றதே இது. ‘டி’ பகுதியிலுள்ளவற்றை வெளியே பிரதி செய்து, அப்பகுதியையே நீக்கி, ‘சி’ பகுதியை விரித்து, எஞ்சிய இடத்தில் ‘டி’ பகுதியைப் புதிதாக அமைத்தல் ஒரு வழி. இடையில் மீட்புப் பகுதி ஒன்று இருப்பின் அதுவும் தடையாகும். அந்நிலையில் அனுபவமுள்ளவரின் துணை தேவை. மின்சாரம் நிற்கக்கூடிய வேளையில் இவ்வேலையைத் தொடங்குதல் கூடாது.

பள்ளியிலும் அலுவலகத்திலும் மாதம் ஒருமுறை இக்கணக்கை எடுத்துவந்தால் எச்சரிக்கை தோன்றும் நாள் வரை காத்திருக்க நேராது. பார்த்தல், பிரதி எடுத்தல், அழித்தல் என்னும் வரிசை மாறாதிருப்பின் இடமும் பெருகும், உழைப்பும் நிலைக்கும்.