வண்டிக்கு வீல் லாக்: போட யாருக்கு அதிகாரம்?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்துட்டு திரும்பினா, பைக்கைக் காணோம். எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் டிரெய்லரில் பூட்டு விழுந்தா, டிரைவருக்கு அன்றைய டிரிப் போச்சு. இதுக்கெல்லாம் யார் உத்தரவு போடலாம்?

சட்டம் என்ன சொல்லுது?
1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 127. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் நிற்கும் வண்டியையும், நோ பார்க்கிங்கில் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லலாம், சக்கரத்தைப் பூட்டலாம். ஆனால், அந்தப் பகுதிக்குரிய போலீஸ் அதிகாரி, சீருடையில் இருந்து, அனுமதி தர வேண்டும். நோ பார்க்கிங் என்றால் 10 மணி நேரக் கணக்கு கிடையாது.

தனியார் கிரேன் வந்தால்?
கிரேன் யாருடையதாகவும் இருக்கலாம். உத்தரவு போலீஸுடையதா என்பதுதான் கேள்வி.

எவ்வளவு செலவு?
இழுவைக் கட்டணம் உரிமையாளர் தலையில்தான். அபராதம் தனி. பிரிவு 177-ன்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 ரூபாய் வரை.

அபார்ட்மென்ட், யார்டு செக்யூரிட்டி பூட்டினால்?
பிரிவு 127 அவருக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. இங்கிலாந்தில் தனியார் இடத்தில் இப்படிப் பூட்டுவது 2012 அக்டோபர் முதல் குற்றம்.

நீங்க என்ன செய்யணும்?
பூட்டை உடைக்காதீங்க. வண்டி நின்ற இடத்தையும், நோ பார்க்கிங் போர்டு இருக்கா இல்லையா என்பதையும் போட்டோ எடுங்க. அதிகாரியின் பெயர், ஸ்டேஷன் கேளுங்க. சலான் பதிவாகியிருக்கா என்று பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. ரசீது இல்லாமல் பணம் தராதீங்க. போலீஸ் அல்லாத ஒருவர் பூட்டிவிட்டு காசு கேட்டால், 100-க்கு அடிங்க.