தேவாலய உட்புறமும் பழைய தபால் அட்டைகளும்

பழம்பொருள் சேகரிப்பு என்றதும் நமக்கு நாணயமும் தபால் தலையும்தான் நினைவுக்கு வரும். பட அட்டையை யாரும் பெரிசா எடுத்துக்கறதில்லை. அதிலும் தேவாலய உட்புறத்தைக் காட்டும் அட்டைகள் தனி வகை. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய வகையும்கூட.

பாளையத்தில் கிறைஸ்ட் சர்ச் (1859), சூசையப்பர் பேராலயம் (1873), மெட்டீர் நினைவு ஆலயம் (1906) ஆகியவற்றின் வெளிமுகத்தைத் தினமும் பார்க்கிறோம். எந்தப் பழைய ஆலயத்திலும் வெளிமுகம் சீக்கிரம் மாறுவதில்லை, மாறுவது உள்ளேதான். பாய் விரித்த இடத்தில் பெஞ்சு வரும். பங்கா தொங்கிய இடத்தில் மின்விசிறி வரும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பிறகு கத்தோலிக்க ஆலயங்களில் குருவானவர் மக்களை நோக்கி நிற்க, பீடமும் இடம் மாறியது. முன்பு எப்படி இருந்தது என்பதற்கு சில ஊர்களில் ஓர் அட்டையே சாட்சி.

அட்டையின் காலத்தை அறிவது எப்படி? பின்புறத்தைப் பாருங்கள். நடுவே கோடில்லாமல் முழுவதும் முகவரிக்கே விடப்பட்டிருந்தால் அது மிகப் பழையது. செய்திக்கும் முகவரிக்குமாகப் பிரித்த அட்டையை பிரிட்டன் 1902-இல் அனுமதித்தது. பிற நாடுகள் பின்தொடர்ந்தன. சங்கு பொறித்த தலை இருந்தால் அது திருவிதாங்கூர் அஞ்சலில் போனது. 1888-இல் தலை வெளியிடத் தொடங்கிய அந்த அஞ்சல், 1951-இல் இந்தியத் தபாலோடு இணைந்தது. ஆனால் முத்திரைத் தேதி அனுப்பிய நாளைத்தான் சொல்லும். படம் அதற்கும் முந்தியதாக இருக்கலாம்.

பூதக்கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாவிட்டால் அசல் புகைப்படமாக இருக்கலாம். உட்புறப் படங்களில் பெரும்பாலும் ஆளே இருக்காது. கூட்டம் வரவில்லை என்று நினைச்சிடாதீங்க! வெளிச்சம் குறைவு என்பதால் காமிராவை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அசைந்தவர்கள் படத்தில் பதியமாட்டார்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சையும் பூச்சியும்தான் முதல் எதிரி. பி.வி.சி. உறையும் லாமினேஷனும் வேண்டாம். அமிலமற்ற காகித உறையில் இட்டு, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். குறிப்பு எழுதணும்னா உறைமேல் பென்சிலால் எழுதினால் போதும்.

முக்கியமாக, தலையை வெட்டி எடுக்காதீர்கள். நாகர்கோவிலில் எங்க பெரியம்மா வச்சிருந்த அட்டையில் சங்குத் தலைக்காக மூலையை வெட்டியவன் நான்தான். அது அவங்க கல்யாணம் நடந்த கோயிலின் உட்புறம். தலையோடு பீடத்தின் ஒரு பக்கமும் போச்சு. கோயிலையும் பிறகு இடித்துக் கட்டிவிட்டார்கள். பெரியம்மா என்னைத் திட்டவில்லை. மிச்சத்தை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தலை இன்றும் என் ஆல்பத்தில் இருக்கிறது. அதன் விலை சொற்பம்.

ஊர் வீட்டைக் காலி பண்ணும்போது பழைய பெட்டியைக் கடைக்காரரிடம் போடும்முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே, அது எந்தக் கோயில் என்று கேட்டு எழுதி வையுங்கள்.